‘வளைகாம்பு மிளகு’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் ‘பைப்பர் கினியென்ஸ்’ என்ற மிளகுக் கொடிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘கினி மிளகு’ என்று பெயரிடலாம் என்ற கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். 1827-இல் ஷூமாகரும் தோனிங்கும் வெளியிட்ட அறிவியற்பெயருக்கு அது நேரான தமிழ்தான். ஆனால், ஏலக்காய்க்கு உறவான மெலெகெட்டா விதையையும், சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்த சைலோப்பியாக் காயையும்கூட ஐரோப்பிய வணிகர்கள் அதே பெயரால் அழைத்துவிட்டார்கள். மிளகின் குடும்பத்தையே சேராத இரண்டோடு இதையும் ஒரே பெயரில் அடைத்தால், கலைச்சொல் எதற்காக ஆக்கப்படுகிறதோ அதுவே கெட்டுப்போகும். ‘காட்டு மிளகு’ என்று வைக்கலாமே என்றால், அது காட்டில் வளரும் எந்த மிளகுக்கும் பொருந்தும்.

இந்தக் கொடியின் உலர்ந்த மணியின் ஒரு முனையில், கருமிளகில் காணாத மெல்லிய காம்பு ஒட்டியிருக்கும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெனின் அரசில் (இன்றைய நைஜீரியாவில்) இதைக் கண்ட போர்த்துக்கீசியர் ‘பிமெந்தா டி ராபோ’, அதாவது வாலுள்ள மிளகு, என்றார்கள். நாம் அவ்வழியே போக முடியாது. ஏனெனில் வால்மிளகு என்ற பெயர் சாவகத்து (ஜாவா) க்யூபெப் மிளகுக்கு நம்மிடம் எப்போதோ நிலைத்துவிட்டது. ஆயினும் வால்மிளகின் காம்பு நேராக நீண்டிருக்க, இதன் காம்பு வளைந்திருக்கும். மணியும் சற்றுச் சிறியது, செம்மை ஓடியது. இரண்டையும் ஒரு தட்டில் கலந்து வைத்தாலும் காம்பைக் கொண்டே பிரித்துவிடலாம்.

முதலில் ‘வளைவால் மிளகு’ என்றுதான் எழுதினேன். மறுநாள் படித்தபோது அது ‘வளைவு + ஆல்’ என்று மூன்றாம் வேற்றுமையாகக் கண்ணில் பட்டதால் கைவிட்டேன். ‘வளைகாம்பு மிளகு’ என்ற வினைத்தொகையில் அந்தக் குழப்பம் இல்லை. வேகமாகப் படிப்பவர்கள் அதை வளைகாப்பு என்று படிக்கக்கூடும் என்பது உண்மை. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் வைக்கும் காரச் சாற்றில் இந்த மிளகு சேர்வதால், அந்தப் பிழையும் பெரிதாகத் தடம் மாறியதாகாது!

இக்கொடியின் இலைக்கு மட்டும் வேறு வழி வேண்டும். நறுக்கிக் குழம்பில் சேர்க்கும் அந்தக் காரமான கீரையை ‘வளைகாம்பு மிளகின் இலை’ என்று சமையல் குறிப்பில் யாரும் எழுதப்போவதில்லை. இக்போ மொழியில் இலைக்கும் மணிக்கும் பொதுவாக வழங்கும் ‘உசிசா’ என்ற சொல்லை அப்படியே எடுத்து, ‘உசிசாக் கீரை’ எனப் பட்டியலில் தனிப்பதிவாகவே சேர்க்கலாம் என்பது என் கருத்து.