டிசெலரேட் என்றால் 'குறைந்தது' என்று எழுதலாமா?

கேள்வி (மதுரை):
ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. போன வாரம் 'இன்ஃபிளேஷன் டிசெலரேட்ஸ்' என்று வந்ததை 'விலைவாசி குறைந்தது' என்று போட்டுவிட்டேன். மறுநாள் மளிகைக் கடையில் அண்ணாச்சி துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, "எங்கண்ணே குறைஞ்சிருக்கு? பேப்பர்ல போட்டிருக்குனு வர்றவங்கல்லாம் என்கிட்ட சண்டைக்கு நிக்கிறாங்க" என்றார். எழுதியது நான்தான் என்று சொல்ல நா எழவில்லை. அகராதியில் 'வேகம் குறை' என்றுதான் இருக்கிறது. எங்கே தப்பு? ஸ்லோ டவுன் வேறா, இது வேறா?

பதில் (திருச்சி, டிரைவிங் ஸ்கூல்):
50ல போறீங்க, தூரத்துல ஸ்பீட் பிரேக்கர் தெரியுது. பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க போதும். வண்டி கியர்ல இருக்கிறதால இன்ஜினே பிடிச்சு இழுக்கும். முள்ளு 45, 40, 35னு இறங்கும். டிசெலரேட்ங்கிறது இதுதான். ஆனா முள்ளு இறங்குற நேரம் பூரா வண்டி முன்னாடிதான் போகுது, கிலோமீட்டர் ஏறிக்கிட்டேதான் இருக்கு. உங்க செய்தியில விலைங்கிறது அந்தக் கிலோமீட்டர், இன்ஃபிளேஷன்ங்கிற விலை ஏறுற வேகம்தான் முள்ளு. நீங்க முள்ளைப் பார்த்துட்டு கிலோமீட்டர் குறைஞ்சிருச்சுனு எழுதிட்டீங்க.

பதில் (வவுனியா, பௌதிகவியல் ஆசிரியை):
நாங்கள் இதை அமர்முடுகல் என்று படிப்பிக்கிறோம். வேகம் கூடினால் ஆர்முடுகல். உங்கட பாடப்புத்தகங்களில் முடுக்கம், எதிர்முடுக்கம். செக்கனுக்கு 10 மீற்றர் ஓடுகிற சைக்கிள் சீராக வேகம் குறைந்து 5 செக்கனில் நின்றால், அதற்குள் 25 மீற்றர் முன்னுக்குப் போயிருக்கும். பிள்ளைகளும் முதலில் இதில்தான் தடுமாறுவார்கள்.

ஸ்லோ டவுன் வீட்டுச் சொல். ஓடித் திரிகிற அப்பாவிடம் வைத்தியர் அதைத்தான் சொல்லுவார், டிசெலரேட் என்று சொல்லமாட்டார். அக்செலரேட் பழைய சொல். அதற்கு எதிராக டிசெலரேட்டை உண்டாக்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதனால் வாகனம், வரைபு, வளர்ச்சி வீதம் என்று அளக்கிற இடங்களிலேயே அது கூடுதலாகப் புழங்குகிறது.

கேட்டவர்:
இப்போது புரிகிறது. 100 ரூபாய்ப் பொருள் ஒரு வருஷத்தில் 110 ஆகி, அடுத்த வருஷம் 115தான் ஆனால் அது டிசெலரேட். அண்ணாச்சி கடையில் விலை ஏறித்தான் இருக்கிறது. 'விலைவாசி தணிந்தது' என்று திருத்தலாமா?

பதில் (திருச்சி):
வேண்டாம்ணே. காய்ச்சல் தணிஞ்சதுன்னா இறங்கிருச்சுனுதானே அர்த்தம்? மறுபடியும் அண்ணாச்சிதான் வாங்கிக் கட்டிக்குவார். 'விலை ஏறும் வேகம் மட்டுப்பட்டது'னு போடுங்க. 'ஏறும்'ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுறாதீங்க.