ஓவியக் கல்லூரியா, பாளையங்கோட்டையில் பி.ஏ.வா? வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் அவளோ எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரிதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 1850-இல் தொடங்கிய கல்லூரியாம். பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம்.

போன மாதம் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனோம். நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒரு தூணுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குறத்தி சிலையின் விரல்களை மட்டும் நான்கு முறை வரைந்து, நிழலுக்குப் பென்சில் கரியைச் சுண்டுவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அந்த விரல்களில் நகம் தெரிந்தது.

வீட்டில் ஆச்சி, "படம் போட்டா சோறு பொங்குமாளா?" என்கிறாள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை, சும்மா சொல்லக்கூடாது.

எழும்பூர்க் கல்லூரியில் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நுழைவுத் தேர்வில் நேரில் வரையச் சொல்வார்களாமே, அதற்கு எப்படித் தயாராவது? பெண்பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள்? படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள்? கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, அது எப்படி? அப்புறம், பி.ஏ. முடித்துவிட்டு ஓவியம் படிக்கப் போனவர்கள் உண்டா?

பி.ஏ.வுக்குப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.