மறு: லிபெல்லுஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கலைச்சொல் பட்டியலில் 'ரோமப் பேரரசர்களும் தொடக்ககாலக் கிறித்தவர்களும்' என்ற பகுதிக்கு லிபெல்லுஸ் என்ற இந்த இலத்தீன் சொல்தான் திறவுகோல். பேரரசர் டெசியஸ் காலத்தில், தெய்வங்களுக்குப் பலியிட்டதற்குச் சான்றாக வாங்கிய தாளை அது அங்கே குறிக்கிறது. இதில் பிசகினால் வரலாறே பிசகிவிடும்.

> கிறித்தவத்தைக் கைவிட்டதற்குக் கொடுத்த தாள்தானே? 'மதவிலகல் சான்று' போதும்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. டெசியஸ் கி.பி. 249இல் ஆட்சிக்கு வந்தார். பேரரசின் மக்கள் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று அவர் இட்ட ஆணையின் மூல வாசகம் அழிந்துபோனது. அதைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி எகிப்தில் கிடைத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பாப்பிரஸ் தாள்களிலிருந்து வருவது. 250ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் எழுதப்பட்டவை அவை. ஃபையூம் வட்டாரத்துத் தியடெல்ஃபியா என்ற ஊரிலிருந்து வந்தவையே மிகுதி. ஒன்றின் சாரத்தை நம் வழக்கில் தருகிறேன்:

"பலிகளை மேற்பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, அலெக்சாண்டர் தீவு எனும் ஊரைச் சேர்ந்த சதபூஸ் மகன் அவுரேலியஸ் டயோஜெனஸ், வயது 72, வலப்புருவத்தில் தழும்பு, எழுதிக்கொள்வது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன். இப்போதும் ஆணைப்படி தங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானம் வார்த்து, பலியுணவை உண்டேன். கீழே சான்றளிக்க வேண்டுகிறேன்."

வயதும் அங்க அடையாளமும் இருக்கின்றன. கிறித்து என்ற பெயர் இல்லை. எதையும் மறுக்கிறேன் என்ற வாக்கியமும் இல்லை. இதே வகைத் தாள் ஒன்றை அவுரேலியா அம்மோனூஸ் என்ற பெண்ணும் வாங்கியிருக்கிறார். அவர் முதலைத் தெய்வமான பெத்தெசூக்கோஸின் பூசாரி! அவர் எந்த மதத்திலிருந்து விலகினார்? கிறித்தவரைக் குறிவைத்து எழுதிய தாளாக இருந்திருந்தால் அவர் கையில் அது வந்திருக்காது. ஆணை பொதுவானது. அதற்குப் பணிய முடியாதவர்கள் மேல்தான் அது இடியாக விழுந்தது. ரோம் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே உயிர் துறந்தார். 'மதவிலகல்' என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

> அப்படியானால் 'பலிச்சான்று'?

நானும் முதலில் இதையே குறித்து வைத்திருந்தேன். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் காதில் 'பலி' என்றால் முதலில் விழுவது திருப்பலி. பூசைக்குப் போனதற்குச் சான்று என்று ஒருவர் படித்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தவிர, எல்லாரும் விலங்கைப் பலியிடவில்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தூபம் மட்டும் போட்டுத் தப்பியவர்களைத் தனி வகையாகவே வைத்திருந்தார்கள். 'படையல்' இவை எல்லாவற்றையும் தாங்கும். முன்னால் வைப்பது, வார்ப்பது, பிறகு அதிலிருந்து எடுத்து உண்பது மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. விவிலியத் தமிழிலும் 'விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவை' என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு.

> இலங்கையில் நாங்கள் பிணைமுறி என்று சொல்வதுபோல 'படையல் முறி' எனலாமே?

முறி அழகான பழஞ்சொல். விட மனமில்லைதான். ஆனால் சேர்த்து எழுதும்போது 'படையன்முறி' என்று ஆகி, படையல் கண்ணில் படாமல் போகிறது. 'படையற்சான்று' அப்படியில்லை. பார்த்ததும் விளங்கும். தியடெல்ஃபியாத் தாள்களின் அடியில் "நீ பலியிடுவதைக் கண்டோம்" என்று அவுரேலியஸ் செரேனஸும் ஹெர்மஸும் கையொப்பமிடுகிறார்களே, கண்டவர் சொல்வதுதானே சான்று?

> எதற்கு இத்தனை பாடு? லிபெல்லுஸ் என்றே ஒலிபெயர்த்துவிடலாம்.

அம்மா, இதற்குத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன். லிபெல்லுஸ் என்றால் 'சிறு நூல், சிறு தாள்' அவ்வளவுதான். சுமார் 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறித்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜானுக்கு எழுதிக் கேட்கிறார். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாத லிபெல்லுஸை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது என்று பதில் வருகிறது. அங்கே அது நம் மொட்டைக் கடிதம்! டெசியஸ் காலத்தில் அதே சொல் படையற்சான்று. ஆணைக்குப் பின் கார்த்தேஜில், சிறையில் கிடந்த விசுவாசிகள், ஆணைக்குப் பணிந்து வழுவிய கிறித்தவர்களைச் சபை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைத்துக் கொடுத்த தாளும் லிபெல்லுஸ்தான். சில தாள்களில் "இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்" என்று மட்டும் இருக்குமாம். ஒரே தாளைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்கலாமே என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் வருந்துகிறார். இதற்கு 'ஒப்புரவு மடல்' என்று முன்மொழிகிறேன். கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில் உள்ள பொருள்தான் இங்கேயும். ஒருவன் முதலில் வாங்கிய தாள் அவனைச் சபைக்கு வெளியே தள்ளியது, அடுத்த தாள் அவனை உள்ளே அழைத்தது. இரண்டையும் லிபெல்லுஸ் என்றே எழுதினால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

கடைசியாக, ஆணைக்குப் பணிந்த கிறித்தவர்களைத் 'துரோகிகள்' என்று குறிக்கும் பரிந்துரையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படைக்காமலேயே காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கியவர்களும் இவர்களில் உண்டு. சிப்ரியான் அவர்களையும் கண்டித்தார், ஆனால் கதவை அடைக்கவில்லை. இவர்களைக் குறித்த மூல இலத்தீன் சொல்லின் பொருளும் வழுக்கி விழுந்தவர் என்பதே. எனவே பொதுப்பெயர் 'வழுவியோர்'. உட்பிரிவாகப் பலியிட்டோர், தூபமிட்டோர், சான்று வாங்கியோர். பிற்காலப் பேரரசர் டயோக்ளீசியன் காலத்தில், 303 ஆணைக்குப் பின் மறைநூல்களை அதிகாரிகளிடம் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு 'நூல் ஒப்படைத்தோர்' என்று தனிப் பதிவு போடுவோம்.

'சான்று வாங்கியோர்' கொஞ்சம் தட்டையாக இருப்பது எனக்கே தெரிகிறது. அதற்கு மட்டும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.