அப்பாவின் இபிஎஃப் பணத்தில் படம் எடுக்கலாமா?

லயத்துப் பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம்தான் எங்கள் ஊர். வயது 28, ஆறு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், மூன்று குறும்படம் செய்திருக்கிறேன். இப்போது எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாட்டிகளைப் பற்றி ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் எடுத்து, நானே வெளியிடவும் ஆசை. அப்பாவுக்கு 55 வயது முடிந்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் வந்திருக்கிறது. "எடுத்துக்கடா" என்கிறார், அம்மா இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. இதையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அண்ணன்:
தம்பி, எடுப்பதைவிட வெளியிடுவதுதான் கஷ்டம். நான் இரண்டு படம் தயாரித்தவன், நான்கைந்து படத்துக்கு விநியோகமும் பார்த்திருக்கிறேன். 15 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட் என்று வைத்துக்கொள். முதலில் கேளிக்கை வரி போகும், அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. உன் பங்கிலிருந்து விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர், டிரெய்லர், தியேட்டருக்குக் கொடுக்கும் டிசிபி (படத்தின் டிஜிட்டல் பிரதி) செலவு எல்லாம் கழியும். கையில் 5 வெள்ளி நின்றால் நல்ல கணக்கு. அப்போ 2 லட்சம் வெள்ளிப் படத்துக்குப் போட்ட முதல் திரும்பவே 40,000 பேர் டிக்கெட் வாங்க வேண்டும். அப்பாவுடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தாளில் எழுது.

உள்ளூர்ப் படத்துக்கு இரண்டு வாரம் திரை கொடுக்கச் சொல்லும் வாஜிப் தாயாங் திட்டம் 2005இலிருந்து இருக்கிறது. ஆனால் எந்த நேரக் காட்சி என்பதுதான் விஷயம். என் முதல் படத்துக்கு இரண்டாம் நாளே காலை 11 மணிக் காட்சி மட்டும் மிஞ்சியது. வேலைக்குப் போகிற சனம் அந்த நேரத்தில் எப்படி வரும்? வியாழக்கிழமை வெளியீடு, ஞாயிறு இரவுக்குள் படத்தின் கதி தெரிந்துவிடும். சென்னையிலிருந்து பெரிய நடிகர் படம் வருகிற வாரத்தில் மட்டும் போய் நிற்காதே.

கிள்ளான் அக்கா:
நான் தயாரிப்பு நிர்வாகம் பார்க்கிறேன், அதனால் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சட்டம் 1981இல் வந்தது, அதன்படி தயாரிக்க, விநியோகிக்க, திரையிட மூன்றுக்கும் தனித்தனி உரிமம். அப்புறம் தணிக்கை வாரியம். மலாய் வசன வரியை நல்ல ஆளிடம் கொடுத்து எழுதுங்கள், பாட்டி பேசுகிற தோட்டத்துத் தமிழ் அதில் செத்துவிடக் கூடாது. பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் எழுத்தில் உரிமை வாங்குங்கள்.

ஒரு படத்தில் நாங்கள் வாய்ப்பேச்சை நம்பி விநியோகத்துக்குக் கொடுத்துவிட்டோம். வசூல் கணக்கு கைக்கு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் தயாரிப்பாளர் மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது, அதை நானே கூடப் போய் வைத்தேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை கணக்கு, எந்தச் செலவு யார் தலையில், ஆஸ்ட்ரோ (கட்டணத் தொலைக்காட்சி) உரிமையும் ஆன்லைன் உரிமையும் யாரிடம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தம்பி, இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். முதலில் தொலைக்காட்சிக்கு ஒரு டெலிமூவி செய்யுங்கள். அதில் செலவை அவர்கள் ஏற்பார்கள், உங்கள் பெயரும் நிற்கும்.

பீடோர் வாத்தியார்:
அக்கா சொல்வது சரி, ஆனால் பையனின் ஆசையை அணைத்துவிடாதீர்கள். 2015இல் வந்த 'ஜகாட்' நம் தோட்டத்துச் சனத்தின் கதைதான், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்று பரிசு வாங்கியது. உங்கள் குறும்படத்தை முதலில் கோயில் திடலில் போடுங்கள். எங்கள் பக்கம் அப்படிப் போட்டபோது இரண்டு பூப்பந்துக் கம்பத்துக்கு நடுவே வேட்டியைக் கட்டி, சுற்றிலும் கொசுவத்தி கொளுத்தி வைத்தோம். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற காட்சி வந்ததும் ஒரு பாட்டி எழுந்து நின்று, "கத்திய அப்புடிப் புடிக்கக் கூடாது" என்று திரையைப் பார்த்துக் கையை வீசிக் காட்டினார். நூறு பேர் பார்த்திருப்பார்கள், ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை.

லயத்துப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த 40,000 கணக்கை அப்பாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அம்மாதான் டீ கலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பணம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு. அடுத்த மாதத் திருவிழாவில் குறும்படத்தைத் திடலில் போடக் கோயில் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். அக்கா, டெலிமூவிக்குக் கதைச் சுருக்கம் எத்தனை பக்கம் எழுத வேண்டும்?