'ஆக' வருகிற இடமெல்லாம் 'லி' சேர்க்கலாமா?

கேள்வி (ரோஸ் ஹில் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸில் அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், பாட்டியிடமும் மாலை வகுப்பிலும் தமிழ் என்று வளர்ந்தவள் நான். ஆங்கிலத்தில் பெயரடை எது, வினையடை எது என்று குழம்பும்போது, தமிழ் வகுப்பில் படித்ததைத்தான் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். 'அழகான பாட்டு' என்றால் 'பியூட்டிஃபுல் சாங்'. 'அழகாகப் பாடினாள்' என்றால் 'ஷீ சேங் பியூட்டிஃபுல்லி'. 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் 'லி' சேர்த்த வினையடை. இந்தக் கணக்குப் பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால், 'மீன் விந்தாய் (கடுகும் மஞ்சளும் சேர்த்துச் செய்கிற எங்கள் ஊர் மீன் உணவு) சுவையாக இருக்கிறது' என்று மனத்தில் சொல்லிக்கொண்டு, 'தி விந்தாய் டேஸ்ட்ஸ் டெலிஷஸ்லி' என்று மாதிரித் தாளில் எழுதியபோது, அது தவறு என்று விடைப் பட்டியலில் இருந்தது. 'சுவையாக' என்பதில் 'ஆக' இருக்கிறதே, பிறகு ஏன் தவறு?

பதில் 1 (ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், காத்ர் போர்ன்)

மகளே, உங்கள் கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம். அது உடைகிற இடத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 'இருக்கிறது', 'தோன்றுகிறது' போன்ற வினைகளுக்கு முன்னும் தமிழ் 'ஆக' என்றே சொல்லும். ஆங்கிலமோ அந்த இடத்தில் பெயரடையைக் கேட்கிறது, ஏனென்றால் சுவை என்பது விந்தாய் செய்கிற செயல் அன்று, விந்தாயின் தன்மை. எழுவாயையும் அதன் தன்மையையும் இணைக்கிற இந்த வினைகள் சிலவே; அடிக்கடி வருபவை: பீ, சீம், பிகம், லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட். ஆகவே 'தி விந்தாய் டேஸ்ட்ஸ் டெலிஷஸ்' என்பதே சரி.

ஆனால் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, ஏனெனில் இவற்றில் சில உண்மையான செயலையும் குறிக்கும். தேர்வுத் தாள் அமைப்பவர்கள் விரும்பிக் கைவைப்பதும் அங்கேதான். 'அவள் கோபமாகக் காணப்பட்டாள்' என்பதற்கு 'ஷீ லுக்டு ஆங்க்ரி'. 'அவள் கடிதத்தைக் கோபமாகப் பார்த்தாள்' என்பதற்கு 'ஷீ லுக்டு ஆங்க்ரிலி அட் தி லெட்டர்'. தமிழில் இரண்டுமே 'கோபமாக'. வினையை எடுத்துவிட்டு அங்கே 'வாஸ்' என்று போட்டுப் பாருங்கள். 'ஷீ வாஸ் ஆங்க்ரி' என்று பொருள் நின்றால் பெயரடை; 'ஷீ வாஸ் ஆங்க்ரி அட் தி லெட்டர்' என்று போட்டதும் பார்த்தாள் என்ற செயலே காணாமல் போய்ப் பொருள் மாறினால் வினையடை. நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு சோதனை கைவசம் இருந்தால் பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

பதில் 2 (போ பாசென் வாசகர்)

ஐயா தமிழ் பக்கத்தைச் சொன்னார். நம் ஊரில் பிரெஞ்சு பக்கமும் ஒன்று இருக்கிறது, தங்கச்சி. 'ழ பார்ல் பியேன் லாங்லே' என்று பிரெஞ்சில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடை வரும். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஸ்பீக் வெல் இங்கிலிஷ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் அந்த இரண்டையும் பிரிக்க விடாது: 'ஐ ஸ்பீக் இங்கிலிஷ் வெல்'. இன்னொன்று, பிரெஞ்சிலும் கிரியோலிலும் 'ஆக்துயெல்மான்' என்றால் 'இப்போது'. ஆங்கிலத்தில் 'ஆக்சுவலி' என்றால் 'உண்மையில்'. இப்போது என்று சொல்ல 'கரண்ட்லி' இருக்கிறது.

'லி' சேர்த்தால் பொருளே மாறுகிற சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் வேலை விண்ணப்பத்தில், கடுமையாக உழைத்தேன் என்று நினைத்து 'ஐ ஹாவ் ஹார்ட்லி வொர்க்டு' என்று எழுதினேன். உழைக்கவே இல்லை என்ற அளவுக்கு அதன் பொருள் போய்விடும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. 'ஹார்ட்' என்பதே பெயரடையும் வினையடையும். 'லேட்' அப்படித்தான், 'லேட்லி' என்றால் 'அண்மைக் காலமாக'. 'வேகமாக' என்பதற்கு 'ஃபாஸ்ட்' போதும். 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் வழக்கில் இல்லை.

மறுமொழி (ரோஸ் ஹில் மாணவி)

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. 'வாஸ்' சோதனையை இன்று காலை பழைய தாள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். முன்பு தவறவிட்ட நான்கு கேள்விகளில் மூன்று சரியாக வந்தன. நானே இரண்டு வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள். 'தி காவடி ப்ரொசெஷன் லுக்டு பியூட்டிஃபுல்.' 'தி ப்ரீஸ்ட் ஸ்போக் டு அஸ் ஃப்ரெண்ட்லி.'

பதில் 3 (ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், காத்ர் போர்ன்)

முதல் வாக்கியத்தில் குறை இல்லை. இரண்டாவதில், பூசாரி பேசியது செயல், எனவே வினையடை வேண்டும் என்று நீங்கள் கண்டது சரி. ஆனால் 'ஃப்ரெண்ட்லி' என்ற சொல் 'லி' என்று முடிந்தாலும் பெயரடையே. 'லவ்லி', 'லோன்லி', 'காஸ்ட்லி' ஆகியவையும் அந்த இனம். 'தி ப்ரீஸ்ட் ஸ்போக் டு அஸ் இன் எ ஃப்ரெண்ட்லி மேனர்' என்று எழுதுங்கள். மீதமிருக்கிற அந்த நான்காவது கேள்வியையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.