ரைட் கிளிக் செய்தால் மறைந்துபோகும் திரை: எங்கள் குடும்பக் குழு உரையாடல்

[காலை 7:40] பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். நம் வீட்டுக் கணினியில் சில நாட்களாக ஒரு தொல்லை. ஃபோல்டரைத் திறந்து ஒரு கோப்பின் மீது ரைட் கிளிக் செய்தால், மெனு வருவதற்குப் பதிலாக நீல வட்டம் சுற்றுகிறது. பிறகு திறந்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. கீழே உள்ள டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்களும்கூட மறைந்துவிட்டு, சற்று நேரத்தில் தாமாகவே திரும்பி வருகின்றன. சர்வீஸ் செய்பவரிடம் தொலைபேசியில் சொன்னேன். விண்டோஸ் 10 பழையதாகிவிட்டது, ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம், மாலையில் வருகிறேன் என்றார். வரச் சொல்லட்டுமா?

[காலை 7:52] அத்தை: அண்ணா, ஒருவேளை வைரஸாக இருக்குமோ? அப்பா, அம்மாவின் பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து அந்தக் கணினியில்தானே வைத்திருக்கிறீர்கள்? அவற்றுக்கு வேறு நகல் எங்கும் இல்லையே.

[காலை 8:05] நான்: பெரியப்பா, இன்று அவர் வரவேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஃபார்மேட் என்பது கடைசியில் எடுக்கவேண்டிய முடிவு. நீங்கள் சொல்லும் கோளாறுக்கு அது தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சி டிரைவை மட்டும்தானே அழிப்பார்கள், படங்கள் தப்பிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். டெஸ்க்டாப்பில் வைப்பதும், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் வைப்பதும் சி டிரைவில்தான் சேர்கின்றன. தாத்தா படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல், வில்லங்கச் சான்று எல்லாம் உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பதைப் பொங்கலுக்கு வந்தபோது நானே பார்த்தேன்.

[காலை 8:11] அண்ணன்: அப்பா, விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்பது உண்மைதான். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், இப்போதே விண்டோஸ் 11 போட்டுவிட்டால் என்ன?

[காலை 8:20] நான்: அண்ணா, ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பொருள், வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன என்பதே. தனிநபர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டத்தையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவு முடிந்த காரணத்தால் ரைட் கிளிக் வேலை செய்யாமல் போகாது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அதற்கென்று அறிவித்த பட்டியலில் உள்ள பிராசசரும் தேவை. பெரியப்பாவின் கணினி அந்தப் பட்டியலுக்கு முந்தையது. கணினி மாற்றுவதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இன்றைய கோளாறை இன்றைய கோளாறாகவே பார்ப்போம்.

[காலை 8:24] பெரியப்பா: சரி அம்மா, அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்தால் டாஸ்க்பார் ஏன் மறையவேண்டும்? இரண்டுக்கும் தொடர்பே இல்லையே. அதனால்தான் கணினி முழுவதுமே கெட்டுவிட்டது என்று பயந்தேன்.

[காலை 8:33] நான்: பார்ப்பதற்கு வேறு வேறாகத் தெரிந்தாலும், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், கீழே உள்ள டாஸ்க்பார், டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்கள் மூன்றையும் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே நிரல்தான் நடத்துகிறது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு. ஒரே ஃப்யூஸில் மூன்று அறைகளின் விளக்குகளை இணைத்திருந்தால் ஓர் அறையில் ஏற்படும் கோளாறு மற்ற இரண்டையும் அணைத்துவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும். எக்ஸ்ப்ளோரர் விழுந்ததும் விண்டோஸ் அதை மீண்டும் இயக்குகிறது. அதனால்தான் எல்லாம் தாமாகத் திரும்பி வருகின்றன. ஹார்ட் டிஸ்க்கோ மற்ற பாகங்களோ கெட்டுவிட்டன என்று இதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் டைப் செய்துகொண்டிருந்த கடிதம் எப்போதாவது மூடிக்கொண்டதா?

[காலை 8:36] பெரியப்பா: இல்லை. கடிதம், இணையம், பாடல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஃபோல்டர்கள் மட்டுமே மூடிக்கொள்கின்றன.

[காலை 8:44] நான்: அப்படியானால் நல்லது. எதைத் தொடுவதற்கு முன்பும் நகல் எடுத்துவிடுவோம். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகுங்கள். ரைட் கிளிக் பக்கமே போகவேண்டாம். படங்கள் உள்ள ஃபோல்டரை ஒரு முறை மட்டும் கிளிக் செய்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சி விசையைத் தட்டுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, கன்ட்ரோலுடன் வி. பத்திர நகல்களையும் அப்படியே செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு இடங்களிலும் அந்த ஃபோல்டரைத் திறந்து, சன்னலின் கீழ் இடது மூலையில் காட்டும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து படங்களை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே திறந்தும் பார்த்துவிடுங்கள்.

[காலை 9:50] பெரியப்பா: எல்லாம் ஏறிவிட்டன. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. தங்கச்சி, அம்மா மாட்டுக்கொட்டகை அருகே நிற்கும் படத்தைத் திறந்து பார்த்தேன், நன்றாகத் தெரிகிறது.

[காலை 9:53] அத்தை: இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. இனி நீங்கள் இருவரும் எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

[காலை 10:02] நான்: அடுத்ததாக, எதன் மீது கிளிக் செய்தால் விழுகிறது என்பதைத் துல்லியமாகப் பார்க்கவேண்டும். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். டெஸ்க்டாப்பில் வெற்றிடத்தில், ஒரு ஃபோல்டரின் மீது, ஒரு வேர்ட் கோப்பின் மீது, ஒரு புகைப்படத்தின் மீது என்று ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து, என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரை முழுமையாகத் திரும்பி வந்த பிறகே அடுத்ததைச் செய்யுங்கள்.

[காலை 10:21] பெரியப்பா: வெற்றிடத்தில் மெனு ஒழுங்காக வருகிறது. வேர்ட் கோப்பிலும் வருகிறது. ஃபோல்டரின் மீதும் வருகிறது. புகைப்படத்தின் மீது மட்டும்தான் விழுகிறது. இதை நான் கவனித்ததே இல்லை. பெரும்பாலும் புகைப்படங்களைத்தான் திறக்கிறேன் என்பதால் எல்லாவற்றிலும் இப்படி என்று எண்ணிவிட்டேன்.

[காலை 10:32] நான்: நாம் தேடியது இதுதான். ரைட் கிளிக் செய்யும்போது வரும் மெனுவில் உள்ள எல்லா வரிகளும் விண்டோஸுக்குச் சொந்தமானவை அல்ல. நாம் நிறுவும் மென்பொருள்கள் தங்கள் வரியையும் அதில் சேர்த்துக்கொள்கின்றன. சில எல்லாக் கோப்புகளுக்கும் சேர்க்கும், சில குறிப்பிட்ட வகைக்கு மட்டும் சேர்க்கும். அந்த வரியைக் காட்டுவதற்காக, அந்த மென்பொருளின் ஒரு பகுதியை எக்ஸ்ப்ளோரர் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. விருந்தாளியாக உள்ளே வந்த அந்தப் பகுதி இடறினால், எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழுகிறது. புகைப்படத்தில் மட்டும் விழுகிறது என்றால், படங்களோடு தொடர்புடைய ஏதோ ஒரு மென்பொருளின் வரிதான் காரணமாக இருக்கவேண்டும். வைரஸ் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபுல் ஸ்கேன் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

[பிற்பகல் 1:15] பெரியப்பா: ஸ்கேன் முடிந்தது. எந்த அச்சுறுத்தலும் இல்லை என்று காட்டுகிறது.

[பிற்பகல் 1:24] நான்: இப்போது விண்டோஸ் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் படிக்கலாம். ஸ்டார்ட்டை அழுத்தி, ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்பது வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடமும், கோளாறு நேர்ந்த நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறியும் இருக்கும். இன்றைய குறியை அழுத்தினால் கீழே விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற வரி வரும். அதில் டபுள் கிளிக் செய்து, வரும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

[பிற்பகல் 1:40] பெரியப்பா: (படம்)

[பிற்பகல் 1:47] நான்: தெளிவாக இருக்கிறது. அப்ளிகேஷன் நேம் என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது. விழுந்த நிரல் அதுதான். அதற்குச் சற்றுக் கீழே ஃபால்ட் மாட்யூல் நேம் என்ற வரியைப் பாருங்கள், விழவைத்தது எது என்பது அங்கே இருக்கும். அதில் இருக்கும் பெயர் விண்டோஸைச் சேர்ந்தது அல்ல. புகைப்பட அளவைக் குறைக்கும் ஓர் இலவச மென்பொருளின் பெயர்போலத் தெரிகிறது. அப்படி ஏதாவது நிறுவியிருந்தீர்களா?

[பிற்பகல் 1:52] அண்ணன்: அது என் விண்ணப்பத்துக்காக நிறுவியது. புகைப்படமும் கையொப்பமும் அவர்கள் கேட்ட கேபி அளவுக்குள் இருக்கவேண்டும் என்பதால் போட்டோம். வேலை முடிந்ததுமே அன்இன்ஸ்டால் செய்துவிட்டோமே? பட்டியலிலும் அது இல்லை.

[பிற்பகல் 2:03] நான்: அண்ணா, அன்இன்ஸ்டால் செய்த நேரத்தில் எக்ஸ்ப்ளோரர் அந்தப் பகுதியைத் தனக்குள் ஏற்றி வைத்திருந்தால், பயன்பாட்டில் உள்ள அந்தக் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. மென்பொருளின் மற்ற கோப்புகள் போய்விடும். மெனுவில் வரி சேர்க்கும் இந்த ஒரு கோப்பும் அதற்கான பதிவும் தங்கிவிடும். துணைக் கோப்புகள் இல்லாமல் தனித்து இயங்கப் பார்த்துத்தான் அது விழுகிறது என்று நினைக்கிறேன். இதற்குக் கன்ட்ரோல் பேனலில் வழி இல்லை. நிர்சாஃப்ட் தளத்தில் ஷெல்எக்ஸ்வியூ என்று ஒரு சிறிய கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 64 பிட் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வேறு தளங்களில் அதே பெயரில் கிடைப்பதை எடுக்காதீர்கள்.

[பிற்பகல் 2:26] பெரியப்பா: இறக்கிவிட்டேன். ஜிப் கோப்பாக வந்திருக்கிறது. வழக்கமாக ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுப்பேன். இப்போது அதன் மீது ரைட் கிளிக் செய்யத் தயக்கமாக இருக்கிறது.

[பிற்பகல் 2:30] நான்: தேவையே இல்லை பெரியப்பா. அதை டபுள் கிளிக் செய்து திறந்தால், சன்னலின் மேல்பட்டையிலேயே எக்ஸ்ட்ராக்ட் ஆல் இருக்கும். விரித்த பிறகு கருவியைத் திறங்கள், நிறுவவேண்டியதில்லை. மாற்றம் செய்ய அனுமதி கேட்டால் யெஸ் கொடுங்கள். நீண்ட பட்டியல் வரும். மைக்ரோசாஃப்ட் அல்லாதவை இளஞ்சிவப்புப் பின்னணியில் இருக்கும். வெள்ளையாக இருப்பவற்றைத் தொடவேண்டாம். இளஞ்சிவப்பில், டைப் என்ற பத்தியில் கான்டெக்ஸ்ட் மெனு என்று உள்ளவற்றுள், நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள அதே கோப்புப் பெயரைத் தேடுங்கள்.

[பிற்பகல் 2:48] பெரியப்பா: இருக்கிறது. அதே பெயர்தான்.

[பிற்பகல் 2:53] நான்: அதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்7 விசையை அழுத்துங்கள். உறுதி கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். இது எதையும் அழிப்பதில்லை, முடக்குவது மட்டும்தான். தவறான வரியாக இருந்தால் எஃப்8 அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். அதனால்தான் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் வழிகளைவிட இது பாதுகாப்பானது. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு முறை மறைந்து வரும். இந்த முறை அது நாம் கேட்டு நடப்பது, பயப்படவேண்டாம்.

[பிற்பகல் 3:10] பெரியப்பா: அம்மா, மெனு வந்துவிட்டது! ஐந்தாறு ஃபோல்டர்களில் வெவ்வேறு படங்களின் மீது செய்து பார்த்தேன். தயங்காமல் உடனே வருகிறது, திரை மறையவில்லை.

[பிற்பகல் 3:12] பெரியம்மா: காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் இப்போதுதான் காபி கேட்கிறார். நீ நன்றாக இருக்கவேண்டும் கண்ணு.

[பிற்பகல் 3:20] பெரியப்பா: இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் மேலே பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கோப்புகள் தெரிய வெகுநேரம் ஆகிறது. இதற்கும் அந்த மென்பொருளா காரணம்?

[பிற்பகல் 3:31] நான்: இல்லை, இது வேறு. ஒரு ஃபோல்டரில் படங்களும் வீடியோக்களும் மிகுதியாக இருந்தால், அதைப் படத்துக்கான ஃபோல்டர் என்று விண்டோஸ் தானே வகைப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எடுத்த தேதி, அளவு போன்ற விவரங்களைப் படித்துப் பார்த்துவிட்டுக் காட்டுகிறது. டவுன்லோட்ஸ் மீது ரைட் கிளிக் செய்து, இனி தயங்காமல் செய்யலாம், பிராபர்ட்டீஸில் கஸ்டமைஸ் என்ற பகுதிக்குப் போங்கள். ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார் என்ற இடத்தில் பிக்சர்ஸ் என்று இருந்தால் ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றி ஓகே கொடுங்கள்.

[பிற்பகல் 3:44] பெரியப்பா: பிக்சர்ஸ் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது திறந்தவுடன் எல்லாம் வந்துவிடுகிறது.

[பிற்பகல் 3:50] அண்ணன்: அந்த மிச்சக் கோப்பை அழித்துவிடலாமா, அல்லது முடக்கியபடியே விட்டுவிடலாமா?

[பிற்பகல் 3:58] நான்: ஒரு வாரம் முடக்கியபடியே இருக்கட்டும் அண்ணா. ரிலையபிலிட்டி வரைபடத்தில் எக்ஸ்ப்ளோரர் பெயரில் புதிய சிவப்புக் குறி எதுவும் வராவிட்டால், புரோகிராம் ஃபைல்ஸில் அந்த மென்பொருளின் பெயரில் மிச்சமிருக்கும் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரர் இப்போது அதை ஏற்றிக்கொள்வதில்லை என்பதால் தடை சொல்லாது. பெரியப்பா, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் முன் டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அதைக் கணினி மேசையில் வைக்காமல் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள்.