டி மாயினா, மேடிசனா, ஓமாஹாவா?

எடிசன்வாசி கேட்டது:
எனக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. பையனுக்கு 4 வயது. நியூ ஜெர்சி வாடகை கட்டி முடியவில்லை, ஒரு வீடு வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று பார்க்கிறோம். டி மாயின் (அயோவா), மேடிசன் (விஸ்கான்சின்), ஓமாஹா (நெப்ராஸ்கா), இந்த மூன்றில் எது? என் அப்பா அம்மா வருடத்தில் ஐந்தாறு மாதம் வந்து தங்குவார்கள். ‘வாழச் சிறந்த நகரங்கள்’ பட்டியல்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. குடியிருந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசம்சாதம்:
டி மாயினில் 7 வருடம் இருந்தேன், இப்போது மேடிசனில் 3 வருடம். (எழுத்துக்கூட்டி ‘டெஸ் மாயின்ஸ்’ என்று படித்துவிடாதீர்கள், சிரிப்பார்கள்.)

பணம்தான் காரணம் என்றால் டி மாயின். அங்கே மூன்று படுக்கையறை வீட்டை 2,85,000 டாலருக்கு விற்றேன். மேடிசனில் அதைவிடச் சின்ன வீட்டுக்கு 4,40,000 கொடுத்தேன். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம். பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம், பக்கத்து ஊரான வெரோனாவில் எபிக் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனம் என எல்லாரும் அதற்குள்ளேயே வீடு தேடுகிறார்கள்.

ஆனால் அயோவாவில் வீடு வாங்கினால் முதலில் ரேடான் சோதனை செய்யுங்கள். மண்ணிலிருந்து பேஸ்மென்டுக்குள் வரும் வாயு. வாசனை இருக்காது, நுரையீரல் புற்றுநோய் வரவைக்கும். அயோவாவின் 99 கவுண்டிகளும் (மாவட்டங்கள்) அதிக ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கின்றன. அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது அரசு. எங்கள் வீட்டில் 9 வந்தது. ஒரு குழாயும் மின்விசிறியும் வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே தள்ளிவிடலாம், அவ்வளவுதான். நாங்கள் அந்தச் செலவை விற்றவர் தலையில் கட்டினோம்.

அப்புறம் தண்ணீர். சோள வயல் உரம் மண்ணுக்கடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக, குடிதண்ணீர் எடுக்கும் ஆற்றில் கலக்கிறது. 2025 ஜூனில் அந்த உரத்தின் நைட்ரேட் ஏறிப்போய், சுத்திகரித்து மாளாமல், புல்லுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று தடையே போட்டார்கள். மேடிசன் மட்டும் ஒழுங்கு என்றில்லை. கோடையில் பாசி படர்ந்து ஏரிக்கரைகளை மூடிவிடுகிறார்கள்.

தொட்டிச்செடி:
ஓமாஹாவில் 5 வருடம். ரசம்சாதம் கோடையைப் பற்றியே பேசுகிறார், பையனை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். இங்குள்ள ஹென்றி டோர்லி விலங்குக்காட்சிச் சாலையில் கண்ணாடி போன்ற கூரைக்கடியில் பாலைவனமும் கட்டடத்துக்குள் மழைக்காடும் உண்டு. வருடச் சந்தா எடுத்து, வெளியே உறைந்துகிடக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றுவோம். கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சொத்து வரி மட்டும் வயிற்றெரிச்சல். கறிவேப்பிலைத் தொட்டியை செப்டம்பர் கடைசியிலேயே உள்ளே தூக்கிவிடுங்கள், நான் இரண்டு செடியைப் பலி கொடுத்துவிட்டேன்.

எடிசன்வாசி:
ரேடான் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி. அப்பாவுக்கு இங்கே கார் ஓட்டத் தெரியாது. அவருக்குப் பொழுது போகுமா?

ரசம்சாதம்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் நான் மேடிசன் பக்கம் சாய்வேன். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கினால் இங்கே நேராகப் பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரம்தான். டி மாயினிலிருந்து நீங்கள் ஐந்து மணி நேரம் காரோட்டிப் போய் அழைத்துவர வேண்டும். சனிக்கிழமை கேபிடலைச் (மாநிலச் சட்டமன்றக் கட்டடம்) சுற்றி உழவர் சந்தை; என் அப்பா தனியாகவே பஸ் ஏறிப் போய்க் கீரை வாங்கி வருவார். டி மாயின் சந்தையும் பெரியதுதான், ஆனால் அங்கே எங்கள் வீட்டிலிருந்து பஸ் கிடையாது. அந்த ஊர்க் கோயிலோ மேட்ரிட் என்ற சிற்றூரில், காரில் அரை மணி நேரம்.

எந்த ஊரானாலும் மே மாதம் வரச் சொல்லுங்கள். அப்பா ஒருமுறை ஜனவரியில் வந்தார். பனி நின்ற மறுநாள் மதியத்துக்குள் வீட்டு வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்யாவிட்டால் இங்கே அபராதம். நான் மண்வாரியோடு போராட, அவர் ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து, தெருவில் எத்தனை முறை பனி அள்ளும் வண்டி போனது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.